ஸுஹைராவின் சக்களத்தி

"வேற ஏதும் வேணுமா? யோசிச்சுச் சொல்லு புள்ள."

"ஒண்டும் வேணாம். போய்ச் சேர்ந்ததும் கோல் எடுங்க."

பதினொரு வருடத்துக்கு முன்னர், வாசலில் வேன் நிற்க, றிஸ்மினும் ஸுஹைராவும் பேசிய பேச்சு அவ்வளவுதான். 'போகாதீங்க' என்று கேட்கத்தான் அவளுக்கு ஆசை. மாமி நின்றார், பக்கத்து வீட்டு சுல்பா நின்றாள், வேன்காரனும் நின்றான். புதுப் பெண்டாட்டி எப்படிக் கேட்பாள்? விழுங்கிவிட்டாள்.

கட்டார் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. போன் எடுத்தால் அந்த இடத்தின் புகழ்தான்; தரை முகம் தெரியுமளவு பளபளக்குமாம். மகள் ஷிம்லா பிறந்த நேரத்தில்கூட அவன் யாருடைய பெட்டியையோ ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த விமான நிலையத்தை ஸுஹைரா மனதுக்குள் சக்களத்தி என்றே பெயர் வைத்து அழைத்தாள்.

ஒன்பது வருடம் கழித்து அவன் திரும்பி வந்தபோது, சனியன் விட்டது என்று நினைத்தாள். ஆனால் சக்களத்தி அவர்கள் ஊரான பள்ளிவாசல்துறைக்கே தேடி வந்துவிட்டாள். தலைநகருக்கான புதிய விமான நிலையத்தை இந்தக் கரையில் கட்டப் போகிறார்களாம். அதற்கான சட்டமூலம் தயாரானது, திட்டமிடல் குழு மீனவர் சங்கக் கட்டடத்தில் வந்து இறங்கியது. சிங்களமும் தமிழும் தெரிந்த றிஸ்மினைத் தற்காலிக உதவியாளனாக எடுத்துக்கொண்டார்கள்.

குழுவின் திட்டமிடல் அதிகாரி சுலக்சனா, யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து புத்தளத்தில் குடியேறிய வீட்டுப் பிள்ளை. அன்றிலிருந்து றிஸ்மினுக்கு ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு "சுலக்சனா மிஸ் சொன்னா". ஓடுபாதை கடலோரமாகப் போகும் என்று மிஸ் சொன்னா. உயரமான தென்னைகளை வெட்ட வேண்டி வரும் என்று மிஸ் சொன்னா. வீட்டில் உப்புக் கேட்க மட்டும் வாய் திறக்கிற மனிதன்!

"உங்கட மாப்பிள்ளை அங்க சிரிக்கிற சத்தம் எங்கட கோழிக்கூடு வரைக்கும் கேக்குது" என்று சுல்பா வேறு கிள்ளிவிட்டுப் போனாள்.

போன கிழமை கட்டாரிலிருந்து பழைய மேற்பார்வையாளர் அழைத்தார். இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். றிஸ்மின் விரல் மடித்துச் சொன்னான்: சட்டம் நிறைவேற வேண்டும், காணிகள் அரச வர்த்தமானியில் வர வேண்டும், சனத்தை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும், இங்கே பிளேன் இறங்கி நிரந்தர வேலை கிடைக்க ஏழெட்டு வருடம் போகும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்கட விருப்பம்" என்று மீன்துண்டை அவன் பீங்கானில் வைத்தாள்.

அவர்கள் வீடும் திட்ட எல்லைக்குள் விழுந்திருந்தது. எல்லைக்குள் இருக்கிற வீட்டில் வயது வந்த ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது சட்டமூலத்தில் ஒரு வாசகம். ஊரெல்லாம் அப்படியே கேட்டு எழுதிய றிஸ்மின், தன் வீட்டுப் படிவங்கள் இரண்டையும் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டான். மனைவியுடையதில், வேறு கோரிக்கைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். சுலக்சனா அதை ஏற்கவில்லை, ஆளைக் கூட்டி வரச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை மீனவர் சங்கக் கட்டடத்துக்கு ஸுஹைரா நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டு போனாள். மிஸ்ஸைப் பார்த்துவிட வேண்டும். பார்த்தால், வெயிலில் கறுத்துப்போன ஒரு மெலிந்த பெண். செருப்பு வார் கம்பியால் கட்டியிருந்தது.

"இருங்கோ அக்கா. இவர் கொண்டு வாற உங்கட இறால் சம்பலுக்காகவே நான் சோத்தோட கறி கொண்டு வாறேல்ல. உங்களைப் போல ஆக்க ஆளில்லை எண்டு இவர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார்."

கோபம் இறங்குவதற்குப் பதிலாக இன்னும் ஏறியது. பதினொரு வருடமாகத் தனக்கு வர வேண்டிய ஒரு வார்த்தையை இவளுக்கல்லவா பரிமாறியிருக்கிறான்! பக்கத்துக் கதிரையில் இருந்த றிஸ்மின் பேனை மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

வீடு, கிணறு, தென்னைகள் எல்லாவற்றையும் சுலக்சனா கேட்டாள், அவன் எழுதினான். எங்கே குடியேற விருப்பம் என்றதற்கு, தாத்தா, அவளுடைய மூத்த சகோதரி, வாழ்க்கைப்பட்டிருக்கிற கனமூலைப் பக்கம் என்றாள்.

"வேற ஏதும் கோரிக்கை இருக்கோ அக்கா? இல்லை எண்டு இவர் எழுதினவர். அது நீங்கள் சொன்னதோ?"

வரிசையில் பின்னால் சுல்பா நின்றாள். ஊன்றுகோலோடு அபூசாலிக் காக்கா நின்றார். அன்று வேனைச் சுற்றி நின்றதைவிடச் சனம் அதிகம். ஸுஹைரா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. பேனையோடு காத்திருந்த கணவனைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள். "நீங்க இனிப் போகாதீங்க."