பிடுங்காத டாக்டரின் சரக்கு யார்டு

பல் டாக்டருக்கு ‘பிடுங்காத டாக்டர்’ என்று பெயர். சொத்தையோ ஆட்டமோ, எப்படிப்பட்ட பல்லாக இருந்தாலும் அடைத்து, கட்டி, உறை போட்டு, எப்படியாவது வாய்க்குள்ளேயே வாழவைத்துவிடுவார். பிடுங்கியே தீரவேண்டும் என்று வந்தவர்கள்கூட அவர் முகம் வாடுகிற வாட்டத்தைப் பார்த்து, சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து போயிருக்கிறார்கள்.

வீட்டுப் பின்னறையில் அவருக்கு ஒரு தனி ராஜ்ஜியம். மேசை நிறைய பொம்மை ரயில். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும், மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். அதிலும் பயணிகள் வண்டியை அவர் சட்டையே செய்வதில்லை. வரும், நிற்கும், போகும், அதில் என்ன இருக்கிறது என்பார். அவருக்குப் பித்து சரக்கு யார்டின் மேல்தான். வந்த வேகன்களைப் பிரித்து, போகவேண்டிய ஊருக்கு ஏற்ப வேறு வேறு தடத்தில் ஒதுக்கும் வேலையில் உலகத்தையே மறந்துவிடுவார். “நான் சரக்குன்னா கொஞ்சம் வீக்” என்று ஒரு நோயாளியிடம் சொல்லப்போய், அவர் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

டாக்டரின் மனைவி நிலம் அளக்கும் சர்வேயர். ஊரார் வேலித் தகராறையெல்லாம் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு தீர்த்துவைப்பவர். பின்னறையைக் கொடுத்தபோதே சர்வேயரம்மா எல்லையைச் சொல்லிவிட்டார். நாலு சுவருக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரு சக்கரம் வெளியே வந்தாலும் மொத்த யார்டும் பரணுக்குப் போகும். சொன்னால் சொன்னதுதான், டாக்டருக்கு அது நன்றாகத் தெரியும்.

யார்டை அவர் ஆறு வேகனுக்குத் திட்டமிட்டார். பல் அளக்கும் கருவியாலேயே ஒவ்வொரு வேகனையும் மயிரிழை பிசகாமல் அளந்தார். இஞ்சின் ஆறையும் இழுத்துக்கொண்டு சுவரோரத் தனித் தடத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளி ஒதுக்க வேண்டும். தடம் போட்டு, பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டரில் மேடு கட்டி, பிரஷ் நாரைக் கத்தரித்துப் புல் நட்டு, பெருமையாக ஓட்டிப் பார்த்தார். இஞ்சின் சுவரில் போய் முட்டியது. ஆறாவது வேகன் தடம் பிரியும் இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. வேகனையெல்லாம் அளந்த மகராசன், இஞ்சினை அளக்க மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் பேக்கரிக்காரர் யார்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வாயில் விழுந்தால் ஊர் முழுக்கப் பன்னோடு சேர்த்து விநியோகம் ஆகிவிடும். டாக்டர் யோசித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. இஞ்சின் மட்டும் ஒரு சாண் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சர்வேயரம்மா வெளியூரில் அளவைக்குப் போயிருந்த நாளில், கிளினிக்கிலிருந்து துளை போடும் கருவியைக் கொண்டுவந்து, சுவருக்கு வேர்ச்சிகிச்சை செய்வதைப் போல மெல்ல மெல்லக் குடைந்தார். சோப்பு வைக்கும் மாடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தது. தடத்தை அதன் வழியாக ஒரு சாண் நீட்டினார். ஓட்டையை மறைக்க, இஞ்சின் முட்டினால் தானே திறந்துகொள்ளும் ஒரு வெள்ளை மூடி மாட்டினார்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், சம்பந்தி வந்து இறங்காமல் இருந்திருந்தால். மகளின் மாமனார். கல்யாணத்தில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை என்று இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர். கண் பரிசோதனைக்காக வந்தவர், ஞாயிறு காலை குளிக்கப் போனார். குளியலறையில் சத்தமே இல்லாததால் அவர் குளித்து முடித்துவிட்டார் என்று டாக்டர் நினைத்தார். சம்பந்தியோ உடம்பெல்லாம் சோப்பு போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றிருந்தார்.

பார்க்க வந்த பேக்கரிக்காரர் ஆசையாக இஞ்சினை ஓட்டும் குமிழைத் திருகினார். இஞ்சின் ஆறு வேகனையும் இழுத்துக்கொண்டு சுவருக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் தலையை நீட்டிக் கூவியது. ‘ஐயோ’ என்று ஒரு குரல், பக்கெட் உருளும் சத்தம். டாக்டர் திரும்பிப் பார்த்தால் அறை வாசலில் சர்வேயரம்மா, கையில் டேப்போடு.

சர்வேயரம்மா தடத்தை அளந்தார், வேகன்களை அளந்தார், சுவருக்குள் பாதி மறைந்திருந்த இஞ்சினையும் எட்டி அளந்தார்.

“இஞ்சினை அளந்தீங்களா?”

“வேகனை அளந்தேன்.”

“இஞ்சின் இல்லாம அது என்ன, நடந்தா போகும்?” என்றவர் டேப்பைச் சுருட்டினார். “ஆறுல ஒண்ணைப் பிடுங்கியிருந்தா ரூமுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். சுவரை எதுக்குங்க ஓட்டை போட்டீங்க?”

இத்தனை நாளில் அந்த யோசனை டாக்டருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. பிடுங்குவது என்பது அவர் புத்தியிலேயே கிடையாது. வெட்கத்தில் காது சிவந்து நின்றார். எல்லாம் இன்றைக்கே பரணுக்குப் போகிறது என்று சர்வேயரம்மா தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஓட்டை வழியாகச் சம்பந்தியின் குரல் வந்தது.

“சம்பந்தி, உங்க ரயில் கத்தின கத்துல என் சோப்பு கம்மோடுக்குள்ள போயிடுச்சு. அதுலயே இன்னொண்ணு அனுப்பி வைங்க.”

நாற்காலி விஷயத்துக்கே இரண்டு வருஷம். சோப்பு விஷயத்துக்கு எத்தனை வருஷமோ என்று சர்வேயரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டார் போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு குட்டிச் சோப்பை எடுத்துவந்து, கூரையில்லாத வேகன் ஒன்றில் தானே வைத்தார்.

ஆனால் சோப்பு வேகன் இஞ்சினுக்குப் பின்னால் இருந்தது. அது முன்னால் போனால்தான் சுவரைத் தாண்டும். பேக்கரிக்காரர் கையால் தூக்கிவைக்கப் போனார். டாக்டர் பதறிப்போய்த் தடுத்தார். யார்டில் கைவைக்கக் கூடாது, எல்லாம் இஞ்சின்தான் செய்ய வேண்டும். மற்ற ஐந்தையும் ஒதுக்கினார். சோப்பு வேகனைத் தனியே நிறுத்தி, இஞ்சினைப் பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து அதன் பின்னால் மாட்டினார். அந்தப் பக்கம் சம்பந்தி நுரை காய்ந்து நின்றிருந்தார். கடைசியில் இஞ்சின் சோப்பைத் தள்ளிக்கொண்டு சுவருக்குள் போயிற்று.

“வந்து சேர்ந்தது” என்றார் சம்பந்தி, ஸ்டேஷன் மாஸ்டர் தோரணையில்.

ஒரு ராத்திரி தங்க வந்த சம்பந்தி ஒரு வாரம் தங்கினார். காலையில் சோப்பு, அப்புறம் சீப்பு, ஒருநாள் மூக்குக்கண்ணாடி. அவர் இருக்கும்வரை யார்டைப் பரணில் ஏற்ற முடியாது. சம்பந்தி கிளம்பக் கூடாதே என்று மனசார வேண்டிக்கொண்ட முதல் மனிதர் டாக்டராகத்தான் இருக்கும். ஆனாலும் கிளம்பும் நாள் வந்தது. டாக்டர் பின்னறைக்குப் போய், கூடத்துப் பரணில் சாத்திவைத்திருந்த ஏணியைப் பார்த்தபடி துக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் செருப்பை மாட்டியபடியே சம்பந்தி சொன்னார்: “அடுத்த மாசம் உங்க சம்பந்தியம்மாவும் வர்றா. அவளுக்கு ஷாம்பு வேணும். டேங்கர் வண்டி இருக்கா?”

டாக்டர் எழுந்து ஓடிவந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். சர்வேயரம்மா கொஞ்ச நேரம் சம்பந்தியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஏணியைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து டாக்டர் கையில் வைத்தார்.

“இந்தத் தடவையாவது இஞ்சினையும் சேர்த்து அளங்க.”