அம்மிணி போட்ட தரை

மாதுங்காவில் அந்த இரண்டு அறை வீட்டுக்குப் பதினெட்டு வருஷமாக வாடகை கட்டியவள் அம்மிணி. ரசீது மட்டும் அண்ணா சந்திரமௌலியின் பெயரில் வந்தது. அப்பா போனபோது, முன்பணம் கொடுத்துத் தலைமுறையாக வாடகைக்கு இருக்கும் பகடி வீட்டின் ரசீதைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றுவதுதான் முறை என்றார்கள். அண்ணா அப்போதே பாண்டுப்பில் சொந்த ஃப்ளாட் வாங்கிவிட்டார். இருந்தாலும் பிள்ளை பிள்ளைதானே. கல்யாணமாகாத அம்மிணிக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

1986ல், ஐம்பதாவது வயதில், அவளுக்கு வினைல் தரை போடும் ஆசை வந்தது. கரும்பழுப்பு நிறம், மரத்தில் இருப்பதுபோல வரிகள். ஆபீசில் மானேஜர் அறையின் தரை அப்படித்தான். அந்த அறைக்கு வெளியேதான் முப்பது வருஷமாக அவளுடைய டைப்ரைட்டரும் நாற்காலியும்.

வீட்டுக்காரரிடம் ரசீதுக்காரர்தான் எழுதிக் கேட்க வேண்டும். அண்ணா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"போடறதுதான் போடறே, உள் ரூமுக்கும் சேர்த்துப் போட்டுடு."

"ரெண்டுக்கும்தான் அண்ணா. லோன் வாங்கியிருக்கேன்."

வினைல் வாங்க, சயானில் இருந்த கடைக்கு மன்னி ஷ்யாமளாவும் வந்தாள். அவளுக்குப் பிடித்தது வெளிர் சந்தன நிறம்.

"நீ எடுத்திருக்கறது ஆபீஸ் மாதிரின்னா இருக்கு?"

"அதுக்குத்தான் மன்னி."

தாராவியிலிருந்து ஷேக் பரீத் வந்து, பழைய கல் தரைமேல் பசை தடவி ஒட்டினார்.

"கருப்புல தூசி பளிச்சுன்னு தெரியும்லா அக்கா. தெனம் தொடைக்கணும்."

"தொடைக்க நான் இருக்கேனே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவும் மன்னியும் செம்பூர் சம்பந்திகளை அழைத்து வந்தார்கள். அண்ணாவின் மகன் ஜம்புவுக்குக் கல்யாணம் நிச்சயமானது அம்மிணிக்குத் தெரியும். அவர்கள் இங்கே எதற்கு வந்தார்கள் என்பது, சம்பந்தி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

"ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடை," என்றார் அண்ணா. "தை பொறந்ததும் ரெண்டு பேரும் இங்க குடித்தனம் வெச்சுடலாம்."

"இவா?" என்று சம்பந்தி மாமி அம்மிணியைப் பார்த்தாள்.

"என் தங்கை. எங்களோட பாண்டுப்புக்கு வந்துடுவா. ஷ்யாமளாவுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அம்மிணி காபித் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இந்தத் தரையை நான் போட்டேன்," என்றாள். நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது.

சம்பந்தி ஜன்னலை விட்டுத் திரும்பித் தரையைப் பார்த்தார். பிறகு அண்ணா சிரித்தார்.

"பாத்தேளா, சொல்ல மறந்துட்டேன்! ஜம்புவுக்கு அத்தையோட கல்யாணப் பரிசு."

"அத்தைன்னா இப்படின்னா இருக்கணும்!" மாமி கால் கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்த்தாள். "நிறம்தான் கொஞ்சம் இருட்டு."

"அதுக்கென்ன, மாத்திக்கலாம்," என்றாள் மன்னி. "ஒட்டினதுதானே."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அம்மிணி தட்டை மறுபடி எடுத்து, முதலில் சம்பந்தியிடம் நீட்டினாள்.