கிடாரத்தின் அடியில் ஈயம்

1

இந்தக் கதையின் முதல் வரைவில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. வெட்டிவிட்டேன், நெடுந்தீவுக்கு விறகு நெருப்பே போதும். கதையைச் சொன்னவர், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த யூலியட் அக்கா. அதற்கு முன்பே எனக்குப் பழைய ஏற்பாட்டின் ஓர் எபிரேய இறைவாக்கினர்மேல் பொறாமை. மக்களின் பாவத்தைச் சொல்ல அவர் ஒரு செம்புப் பானையைத்தான் எடுத்தார்: வெறுமையாகத் தணலில் வை, அழுக்கு உருகட்டும். ஒரு நகரமே அதற்குள் இருந்தது. நாங்கள் என்றால் முந்நூறு பக்கமும் ஒரு வெளியீட்டு விழாவும் கேட்போம்.

2

'தீவின் காற்று அன்று நீதியின்...' (இல்லை. காற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.)

பெரிய வெள்ளிக்குக் கோயிலில் ஊருக்கே கஞ்சி. பத்து வருடமாக அதைக் கோயிலின் கிடாரத்தில், அந்தப் பெரிய பானையில், காய்ச்சியவர் யூலியட் அக்கா. போன வருடம் குடித்தவர்களுக்கு வாந்தி. "அவ கிடாரத்தை வடிவாய் மினுக்கேல்லை" என்று ஆலய சபைத் தலைவர் வசீகரன் மைக்கிலேயே அறிவித்தார். அத்தோடு அக்கா சமைக்கக் கோயில் குசினி மூடப்பட்டது.

இந்த வருட மறையுரையில் இறைவாக்கினரின் அந்தப் பானை வந்தது. வசீகரனுக்கு மெய்சிலிர்த்தது. உவமையை உவமையாக விட மனம் வரவில்லை. பெரிய வியாழன் காலை சனத்தைக் கூட்டி, வெறுங் கிடாரத்தை அடுப்பில் ஏற்றினார்.

"யூலியட்டின்ரை ஊத்தை போகட்டும்!"

3

கிடாரம் சிவந்தது. அடியிலிருந்து வெள்ளியாய் ஏதோ சொட்டியது.

"அண்ணை, இது வலைக்குக் கட்டுற ஈயமெல்லோ?" என்றான் மீன்பிடிக்கிற றஜீபன், வசீகரனிடம். "போன வருசம் ஓட்டை அடைக்கவெண்டு என்னட்டைத்தானே வாங்கினனீங்கள்?"

(அடிக்குறிப்பு: தண்ணீர் இருக்கும்வரை அடைப்பு உருகாது; போன வருடம் வாந்தி எடுக்க வைத்தது அதிலிருந்து கஞ்சியில் கரைந்த ஈயம். வெறுமையாக வைத்தால்தான் உள்ளது வெளியே வரும். இறைவாக்கினரை நான் வணங்குவது இந்த இடத்தில்.)

4

முடிவு அ: வசீகரன் முழங்காலில் விழுகிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: அக்கா மன்னிக்கிறார், கோயில் மணி...

இதை அடுத்த முறை இறங்குதுறையில் அக்காவிடம் வாசித்தேன்.

"உமக்கென்ன விசரே? நான் எங்கை மன்னிச்சனான்? நடந்ததை எழுதும்."

நடந்தது இது. வசீகரன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, வேறை கிடாரம் எடுப்பிக்கிறன். நாளைக்குக் கஞ்சி நீங்கள்தான்."

"காய்ச்சலாம். என்னைப் பற்றி மைக்கிலைதானே சொன்னனீர்? உம்மைப் பற்றியும் அதிலையே சொல்லும்."

வசீகரன் மைக்கைப் பிடித்தார். அக்கா இவ்வளவு சொல்லும்போது படகு வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். வசீகரன் மைக்கில் என்ன சொன்னார் என்பதை நானே எழுதிப் பார்த்தேன்.

'அன்பான இறைமக்களே, சிறு கவனக்குறைவு...'

'சபையின் சார்பில்...'

'நாம் எல்லோருமே ஒருவகையில்...'

மூன்றிலும் ஈயத்தை ஊற்றிய ஆள் இல்லை. இப்படி எழுத எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது! அடுத்த வசனம், வாசகரே, உங்களுடையது. சனம் காத்திருக்கிறது.