ஐந்து இருபது வெளிச்சம்

பாப்பாயி வீட்டு முன்னறைச் சுவரில் இருந்த நீலம், ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் பஸ்ஸில் சேலத்துக்குப் போய்விட்டது. சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து, பழைய சீலைத் துணியைச் சுருட்டி அவளே பூசிய நீலம் அது. நாலு வருடப் புகையும் மழை ஈரமும் பட்டு, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. பஸ் சோளக்காடு ஊரைத் தாண்டிய நேரத்தில் பாப்பாயி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது சுவர் கழுநீர் மாதிரி வெளுத்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாதியில் விட்ட இடத்திலிருந்து கூட்டி முடித்தாள். பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டு இருசாயியின் போனுக்கு ஒரு படம் வந்தது. சேலத்தில் யாரோ ஒரு டாக்டர் வீட்டு ஹாலில் அதே நீலம், காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை உட்பட.

நீலத்தைக் கொண்டுபோனவள் சுகுணா. வசதியானவர்களின் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது அவள் தொழில். எந்தச் சுவருக்கு என்ன நிறம், எந்த மூலையில் என்ன படம் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோகும்போது, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலை மலையாகக் கிளம்பிவிடுவாள். காட்டேஜ், கோயில், ஓவியக் கண்காட்சி எதையும் விடமாட்டாள். ஒருமுறை கொல்லிமலையில் எல்லாக் காட்டேஜும் நிரம்பிப்போனதால், பஸ் டிரைவர் காட்டிய வழியில் நடந்து பாப்பாயி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த முன்னறையை வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. பாப்பாயியின் கணவன் பொன்னன், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்து எட்டு வருடம். காட்டு வேலை, கட்டில் வேலை, விருந்தாளி வேலை மூன்றையும் பாப்பாயி ஒருத்தியே பார்த்தாள். உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

நீலம் போனதில் சுகுணாவின் குற்றம் என்று எதுவும் இல்லை. அந்த மலையில், தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு மரியாதை உண்டு. வந்தவர் ஒரு பொருளை நல்லாயிருக்கிறது என்று சொன்னால், வீட்டுக்காரர் "கொண்டு போங்க" என்று சொல்லியாக வேண்டும். பலாப்பழமோ, விதைக்கு வைத்த சாமையோ, எதுவானாலும் சரி. வந்தவர் உடனே "இருக்கட்டுங்க" என்று சொல்லுவார். பொருள் இருந்த இடத்தில் இருக்கும், இரண்டு பேர் மனமும் நிறையும். மலையில் பிறந்த பிள்ளை பேச்சு வரும்போதே இதையும் கற்றுக்கொள்கிறது. சுகுணா சேலத்துக்காரி. நீலத்தைத் தடவிப் பார்த்து, "என்னம்மா இப்படி ஒரு கலர்!" என்றாள். காலையிலிருந்து கிழங்கு தோண்டிவிட்டு வந்த களைப்பில், பாப்பாயியின் வாய் பழக்கத்தில் சொன்னது: "கொண்டு போங்க கண்ணு." சுகுணா சிரித்துக்கொண்டே "தேங்க்ஸ்மா" என்றாள். இருக்கட்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால் நீலம் பஸ் ஏறியது.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தாள். முதல் முறை, அடுப்புக்கு மேலே புகை படிந்து படிந்து மேகமும் மலையுமாகத் தெரிந்த கரியைப் பார்த்து, பெரிய ஓவியர்கள்கூட இப்படி வரைய மாட்டார்கள் என்றாள். அது சட்டத்துக்குள் போய் ஒரு ஓட்டல் சுவரில் தொங்குகிறது. அடுத்த முறை, குனிந்துதான் நுழைய வேண்டிய பின்வாசலின் குள்ளத்தைப் புகழ்ந்தாள். அதுவும் போயிற்று. ஏற்காடு ரோட்டில் ஒரு பங்களாவில் இப்போது பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் குனிந்து நுழைகிறார்களாம். பாப்பாயிக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. கரி தேய்க்கும் வேலை மிச்சம், குனிகிற வேலையும் மிச்சம். இருசாயிதான் வேலியோரம் நின்று குத்திக்காட்டினாள்.

"ஏனுங்கக்கா, வாரவங்களுக்கெல்லாம் ஊட்டைப் பொட்டலம் கட்டிக் குடுக்கறீங்க. கடைசீல எங்க படுப்பீங்க?"

"படுக்க நேரமிருந்தா பாத்துக்கலாம், போ" என்றாள் பாப்பாயி.

ஆனால் ஒன்றை மட்டும் கொடுப்பதில்லை என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். உள்ளறையில் பொன்னன் கட்டிலுக்கு எதிரே மேற்குப் பார்த்த சன்னல். சாயங்காலம் ஐந்து இருபதுக்கு அது வழியாக ஒரு வெளிச்சம் சாய்ந்து வந்து, சுவரில் பாய் அகலத்துக்கு அரை மணி நேரம் கிடக்கும். பொன்னன் பேசுவது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். மற்ற நேரம் எல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மனிதன், வெளிச்சம் சுவரில் ஏறியதும் வாய் திறப்பான். கொடி எப்படிக் காய்த்திருக்கிறது, யார் வீட்டு நாய் இப்படிக் குரைக்கிறது, உன் காலுக்குத் தைலம் போட்டாயா என்று கேட்பான். வெளிச்சம் இறங்கியதும் மூடிக்கொள்வான். நாளெல்லாம் பாப்பாயி ஓடுவது அந்த அரை மணி நேரத்தைப் பிடிக்கத்தான். விருந்தாளி இருக்கிற நாளில், உள்ளறை வாசலில் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்துவிடுவாள்.

சுகுணா நாலாவது முறை வந்தது கார்த்திகையில். பாப்பாயி காட்டிலிருந்து கிழங்குக் கூடையோடு திரும்புவதற்குள், படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று சுகுணா போர்வையை விலக்கி உள்ளே போய்விட்டாள். சரியாக அந்த நேரம். சுவரைப் பார்த்தவள் கிட்டே போய் வெளிச்சத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "இந்த வெளிச்சத்துக்காகவே ஒரு வீடு கட்டலாம்ங்க ஐயா" என்றாள். பொன்னன் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "கொண்டு போங்க சாமி" என்றான். அவள் "தேங்க்ஸ்" சொன்னபோது பாப்பாயி கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சுகுணா முன்னறைக்குப் போனதும் பாப்பாயி கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதுங்களா? இத்தனை நாளு நான் கட்டிக் காத்தது எதுக்குங்க?"

வெளிச்சம் இன்னும் நாலு விரல் அகலம் மிச்சம் இருந்தது. அதற்குள் பொன்னன் சொல்லி முடித்தான். "கத்தாத புள்ள. எட்டு வருசமா எங்கிட்ட இருக்கறதப் பாத்து ஒருத்தரும் நல்லாருக்குன்னு சொல்லல. இன்னைக்குத்தான் ஒரு ஆளு சொல்லுச்சு. குடுக்காம என்ன பண்ணச் சொல்ற?"

மறுநாள் காலை அது போய்விட்டது. சாயங்காலம் இருசாயி வீட்டுச் சுவரில், மாட்டுக் கொட்டகையில், கோயில் படியில் எல்லாம் வழக்கம்போல் வெயில் சாய்ந்தது. பொன்னன் அறைக்கு மட்டும் சன்னல் வழியாகச் சாம்பல் மாதிரி ஏதோ வந்தது. அவன் காத்திருந்தான். இருட்டியது. அடுத்த நாளும் காத்திருந்தான். பிறகு பொழுது போவதும் வருவதும் அவனுக்குத் தெரியாமல் போயிற்று. தூங்குவதில்லை, ஊட்டினால் பாதி களியோடு வாயை மூடிக்கொள்வான். பத்தொன்பது நாள் ஒரு வார்த்தை இல்லை. இருபதாம் நாள் பாப்பாயி ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டினாள், கஞ்சி கொடுக்கும் பொறுப்பை இருசாயியிடம் விட்டாள், முள்ளுக்குறிச்சி வழி பஸ்ஸில் ஏறினாள்.

சுகுணாவின் வீடு சேலத்தில் நாலாவது மாடியில் இருந்தது. உள்ளே போன பாப்பாயி, இவ்வளவு வீடுகளை அலங்கரித்தவள் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்து வந்ததால் கொஞ்சம் திகைத்துப்போனாள். பிரிக்காத அட்டைப் பெட்டிகள், ஒரு இரும்புக் கட்டில், பால்கனிக் கம்பியில் ஒரு மணி பிளான்ட் தொட்டி. வெற்றுச் சுவரைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "ஊரார் வீட்டுக்கெல்லாம் யோசிச்சு யோசிச்சே அலுத்துப் போச்சும்மா. என் வீட்டுக்குன்னு வந்தா ஒண்ணும் தோணல" என்றாள் சுகுணா. நீலத்தையும் கரியையும் வாசலையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். வெளிச்சத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்து இருபதுக்கு, அந்த வீட்டின் சன்னல்கள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை என்றாலும், பொன்னனின் வெளிச்சம் சுவரில் சாய்ந்து விழுந்தது. சுகுணா தண்ணீர்ச் சொம்போடு செடிக்குப் போவதும், நாற்காலிக்கு வந்து உட்காருவதுமாக இருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்ததைப் பாப்பாயி கவனித்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றும் நினைத்தாள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மலையில் யாரும் செய்யாத காரியம். வழி ஒன்றுதான் இருந்தது. பாப்பாயி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் நல்லாருக்குதுங்க."

"தேங்க்ஸ்மா" என்றாள் சுகுணா.

"இல்லீங்க கண்ணு, ரொம்ப நல்லாருக்குதுங்க."

"ஆமாம்மா. எல்லாம் உங்க புண்ணியம். தேங்க்ஸ்."

"இந்த மாதிரி நாங்க எங்கயுமே பாத்ததில்லீங்க" என்று மூன்றாம் முறை சொன்னாள் பாப்பாயி. பலாப்பழச் சாக்கைச் சுகுணா பக்கம் நகர்த்திவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தாள். சுகுணா எழுந்து வந்து, "ஐயா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டாள்.

"அவருக்கு இப்பப் பொழுதே தெரியறதில்லீங்க. எப்பச் சாயங்காலம் வரும்னு கண்ணை முழிச்சுக்கிட்டே கெடக்கறாரு. வரமாட்டேங்குது."

சுகுணா சுவரைப் பார்த்தாள். வெளிச்சம் இரண்டு விரல் இறங்கும் வரை பார்த்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பழக்கமில்லாத வாயால், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "கொண்டு போங்கம்மா."

அறுபது வருடப் பழக்கம் பாப்பாயியின் நாக்கில் எழுந்தது. இருக்கட்டுங்க என்கிற சொல் பல் வரை வந்துவிட்டது. அவள் சீலைத் தலைப்பை வாய்க்குள் அழுத்தி அதைப் பிடித்து நிறுத்தினாள். அது உள்ளே இறங்கும் வரை காத்திருந்தாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"தேங்க்ஸுங்க."

மறுநாள் காலை பஸ்ஸில், மற்றவர்கள் மேல் காலை வெயில் அடிக்க, பாப்பாயி மடியில் மட்டும் சாயங்கால வெயில் கிடந்தது. கண்டக்டர், "என்னங்கம்மா இது, லக்கேஜா?" என்றார். "எங்க ஊட்டுதுங்க" என்றாள். கையில் தூக்குகிற அளவுதான் என்று அவர் விட்டுவிட்டார். முள்ளுக்குறிச்சியில் ஏறிய ஒருத்தி, பனிக்கு இதமாக இருக்கிறது என்று கையை அதில் நீட்டிக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப மற்ற வெயில் எல்லாம் இடம் மாறியது. மடியில் இருந்தது அசையவில்லை.

அன்று ஐந்து இருபதுக்கு அது சுவரில் ஏறியது. பொன்னன் வெகுநேரம் பார்த்தான். வெளிச்சத்துக்குள் பால்கனிக் கம்பியின் நிழலும், தொட்டியிலிருந்து தொங்கும் ஒரு கொடியின் நிழலும் சேர்ந்து வந்திருந்தன.

"மொளகுக் கொடி மாதிரி தெரியலையே புள்ள" என்றான். இருபத்தொரு நாளில் அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"சேலத்துக் கொடிங்க. காய்க்காது" என்றாள் பாப்பாயி. கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தவள், அரை மணி நேரமும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மலையில் மழை பிடித்துக்கொண்ட நாளிலும் சேலத்தில் மழை இல்லையென்றால் அந்த வெளிச்சம் வந்துவிடும். சுகுணா தன் வெற்றுச் சுவரைப் பார்த்து இன்னமும் நாற்காலி போட்டு உட்காருகிறாளா என்பது தெரியாது. ஆனால் தினமும் ஒரு பெண்ணின் நிழல் பொன்னன் சுவரில் வந்து, சொம்பைச் சாய்த்துக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும். பொன்னன் கையைத் தூக்கி ஒரு கும்பிடு வைப்பான். தை மாதத்தில் ஒரு வாரம் அந்த நிழல் வரவில்லை.

"அந்தம்மா இன்னைக்கும் தண்ணி ஊத்தல. கொடி வாடுது பாரு" என்றான் அவன்.

பாப்பாயி வெளியே போய் முன்னறையைக் கூட்டி, பாயை உதறிப் போட்டுவிட்டு வந்தாள்.

"எந்த மலைக்குப் போயிருக்குதோ. இங்கதான் வரும்னா நாளைக்குக் காலைல ஒன்பதே முக்காலுக்கு முன்னால பஸ் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, சுவரோரம் தொட்டியின் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து ஊற்றினாள். தரை குடித்துக்கொண்டது. மறுநாள் கொடி நிமிர்ந்திருந்தது.