அச்சு நிறையவில்லை

வார்த்த அலுமினியக் கோல் முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த விறகை ஒடித்ததுபோல இருந்தது. இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தின் திரையைக் கண்டதும் நிஷாந்தி மிஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கம்பியூட்டர் சொன்ன பலத்தில் பாதிகூட வரவில்லை.

காருக்குப் பாரம் குறைந்த, ஆனால் சட்டென்று முறியாத அலுமினியம் வேண்டும். அதற்கு எதை எவ்வளவு கலப்பது என்று நான்கு மாதமாகக் கம்பியூட்டரில் கணக்குப் போட்டு, ஆயிரக்கணக்கான கலவைகளைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்திருந்தார். உருக்கி வார்ப்பது என் வேலை. இனி அந்தக் கலவையையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். அவருக்குக் கொடுத்த காலத்தில் மிச்சம் ஆறு வாரம்.

முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். இந்த ஆய்வுகூடத்துக்கு வருமுன் கடுகண்ணாவைப் பட்டறையில் பத்தொன்பது வருடம் உருக்கியவன் நான். அச்சு நிறையாமல் நின்றால் அங்கே வார்த்தவனுக்கு மானக்கேடு. குறையும்போல இருந்தால் பழைய எஞ்சின் பிஸ்டன் ஒன்றை உடைத்துப் போடுவோம்; அதுவும் அலுமினியம்தான், ஆனால் சட்டென்று முறியும் வகை; யாரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கோலை வார்த்த அன்றைக்கும் கை தானாகப் பிஸ்டன் துண்டுக்குப் போய்விட்டது. பிறகு பதிவுப் புத்தகத்தில், நாற்பது வயதுக்கு மேல் பழகிய எழுத்தில், வேறெதுவும் சேர்க்கவில்லை என்று எழுதிவைத்தேன்.

சொன்னால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள். பட்டறையும் மூடியாகிவிட்டது. இந்த மடங்காத முழங்காலோடு யாரிடம் போய் வேலை கேட்பது? சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளை சரியான கணக்கைத் தூக்கிப் போட்டுவிடும்.

"மிஸ், கணக்குல பிழையில்ல. அச்சு நெறையாதுன்னு பிஸ்டன் துண்டு ஒண்ணு போட்டுட்டேன்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணும் சேக்கலன்னு எழுதியிருக்கீங்களே, கறுப்பையாண்ணே."

"எழுதினதும் நான்தான்."

புத்தகத்தை மூடினார். "கம்பியூட்டர் எல்லாத்தையும் யோசிச்சுது. ஒங்க பிஸ்டன மட்டும் யோசிக்கல" என்றார். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. அலுமாரியிலிருந்த அதே கலவையின் மிச்ச உலோகத்தை எடுத்து நிறுத்தார். ஒரு கோலுக்குச் சற்றுக் குறைவு.

"இத உருக்குங்க. அதுக்குப் பொறகு ஆய்வுகூடத்துப் பெரியவர்கிட்ட சொல்லத்தான் வேணும். மறைக்க ஏலாது."

"சொல்லுங்க மிஸ்."

"அச்சு குறைஞ்சா குறைஞ்சபடியே நிக்கட்டும்."

உருகியது அச்சுக்குள் ஓடி, ஒரு விரலளவு வெறுமையை விட்டு நின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மேலே தோல் படர்ந்து பளபளப்பு மங்கும்வரை இருவரும் அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.