ட்வைலா போட்ட 'ங்க'

1

இந்தக் கதையை மாட்டுப்பண்ணைக்காரர் வெர்லினே தீவனக் கடையில் வைத்துச் சொன்னார். கடைசி வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதற்கு முன்னால் இருந்த மௌனம் வேண்டியிருந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் மணல்மேடுகள் மேல் பனி…' வேண்டாம். பனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டாவது: 'மரணம் சில நேரம் ஒரு வெள்ளைப் புள்ளியாக…' பெரிய பேச்சு. மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனது விலாவலிக்கு.

மூன்றாவது: கன்று போட்ட மாடு ஒன்று வெர்லினை வேலியோடு சேர்த்து நசுக்கியது. ஊர் மருத்துவமனைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனார். இப்படியே இருக்கட்டும்.

2

அங்கே எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் ட்வைலா ஒருத்திதான். வெர்லினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். கால் ஒடிந்து வந்தவனைக்கூடக் கிண்டல் செய்யாமல் படுக்கவைக்க மாட்டாள். படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்ல மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. எங்கோ நகரத்தில் இருக்கும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் ஊர், படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

"சட்டையக் கழட்டுடா கிழவா. ஊர் பாக்காததா?"

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்த் திரையைப் பார்த்தாள்.

(இங்கே ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான்.)

பிறகு வந்து, "முடிஞ்சுதுங்க. மெதுவா சட்டையப் போட்டுக்கோங்க" என்றாள்.*

வெர்லினின் அண்ணன் டெல்மருக்கு நுரையீரலில் புற்றுநோய். அவரிடமும் அவள் இப்படித்தான் பேசினாள். போன வருடம் அவரைப் புதைத்தார்கள்.

* அவர்கள் மொழியில் 'நீ', 'நீங்க' இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த 'ங்க' நான் போட்டது. அவள் குரலில் மாறியதைக் காட்ட எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

3

வீட்டில் மனைவி ஆர்லிஸ், ட்வைலா என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. மரியாதையா பேசினா."

ஆர்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் வெர்லினை அழவைத்து எழுதப் பார்த்தேன். மசியவில்லை. மருமகனை மந்தைக்குக் கூட்டிப்போய், எந்த மாடு உதைக்கும், எது கன்றை ஒதுக்கும் என்று, அவன் கேட்காமலே சொல்லிக்கொண்டு…

(போதும். அந்த மருமகனுக்கும் புரிந்திருக்கும்.)

4

மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். நுரையீரலில் வலது பக்கம் கீழே ஒரு புள்ளி. இன்னொரு படம் வேண்டும்.

இம்முறை ட்வைலா கடுகளவு உலோகமணி இரண்டைப் பசைத்துண்டால் அவருடைய முலைக்காம்புகள் மேல் ஒட்டினாள். எதற்கு என்றார்.

"டாக்டர் கேட்டிருக்காருங்க."

மறுபடியும் கண்ணாடி. மறுபடியும் திரை.

முடிவு அ: படத்தில் புள்ளி ஓரிடம், மணி ஓரிடம்; அப்படியானால் புள்ளி நுரையீரலில்தான். அரைப் பக்கம் எழுதிப் பார்த்தேன். டெல்மரின் பக்கத்துக் குழிவரை போய்விட்டது. கிழித்தேன்.

முடிவு ஆ: மணி, புள்ளியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நுரையீரலில் ஒன்றுமில்லை. முதல் படத்தில் விழுந்தது அவருடைய முலைக்காம்பின் நிழல்.

வெர்லினுக்கு இரண்டும் தெரியாது. கதவு திறந்தது. அவருடைய சட்டை பறந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது.

"போட்டுத் தொலைடா கிழவா. கண்ணு கூசுது."

அவர் சட்டையை முகத்திலிருந்து உடனே எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

5

வெளியே வண்டியில் ஆர்லிஸ் காத்திருந்தாள்.

"என்ன சொன்னா?"

"'கிழவா'ன்னு சொன்னா."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். வண்டி கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.

தீவனக் கடையில் எல்லோரும் சிரித்த வரி இது: "ஆயுசு பூரா மாட்டுக் காம்பப் பாத்தவன்யா நான். கடைசில என் காம்பே என்னக் கொல்லப் பாத்துச்சு."

டாக்டர் எப்போது அழைத்தார், என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெர்லினுக்கும் ஆர்லிஸுக்கும் அது தேவைப்படவில்லை.

(உங்களை நான் 'நீங்கள்' என்பது வெறும் பழக்கம். பயப்பட வேண்டாம்.)