இவ்விலக்கு பொருந்தாது

1

பத்தாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். என் மச்சான் ராஜவேலுக்குக் கம்பெனி போட்ட அபராதம் இது. மணிக்கு இருநூற்று ஐம்பது வீதம், நாற்பத்தொரு மணி நேரத் தாமதத்துக்கு. இந்தக் கதைக்கு ஆன செலவும் அதுதான். எப்படி என்று உடனே சொல்ல மாட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எண் போட்டு எழுதுகிறேன். எண் போட்டுவிட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

என் பேர் சடையப்பன். குடிகாட்டில் வீடு. முதலில் கெமிக்கல் மூட்டை தூக்கினேன், இப்போது தபால் மூட்டை தூக்குகிறேன்.* எழுத்து படித்தது நாற்பத்தாறாம் வயதில், முதியோர் வகுப்பில். இப்போது ஐம்பத்திரண்டு. என் எழுத்துக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளை பண்ணுகிற தப்பைத்தான் பண்ணினேன்.

(கடைசி வரி நன்றாக வந்திருக்கிறது. அதனாலேயே அதன்மேல் சந்தேகம். இருக்கட்டும், அடிக்கவும் அலுப்பாக இருக்கிறது.)

* தபால் மூட்டை கனம் குறைவு. ஆனால் கெமிக்கல் மூட்டை மாதிரி போட முடியாது, குனிந்து வைக்க வேண்டும். முதுகுக்கு வைப்பதுதான் கஷ்டம்.

2

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

"நீராவிக் கப்பல் விடிகாலை ஐந்து மணிக்குக் கடலூரை விட்டுப் புறப்பட்டது. அதன் வயிற்றில் அரசாங்கத்துத் தபால் பைகள் நூற்றுப் பன்னிரண்டு. கப்பல் தலைவர் பாண்டியன் சிதம்பரத்தை நோக்கி"

இங்கே நின்றுவிட்டேன். சிதம்பரத்துக்குக் கப்பல் போகாது. ஊருக்குள் கடல் இல்லை. இந்தக் காலத்தில் நீராவிக் கப்பலே இல்லை. அப்புறம் ஏன் எழுதினேன் என்றால், ஒப்பந்தத்தில் இருந்தது.

ராஜவேல் என் பெண்சாதி பொன்னியின் தம்பி. செம்மண்டலத்தில் இருக்கிறான். கடன் போட்டு ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினான். அரசாங்கத் தபாலை ஏற்றிப்போக டெண்டர் எடுத்த ஒரு கம்பெனி, கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகச் சிதம்பரம் போகிற தடத்தை அவனிடம் உள்ஒப்பந்தமாக விட்டது. அவன் ஓட்ட வேண்டும், நான் ஏற்றி இறக்க வேண்டும். எனக்கு நாளைக்கு ஐந்நூறு.

அந்தக் கம்பெனியில் யாரோ ஒரு புண்ணியவான், எந்தக் காலத்திலோ நீராவிக் கப்பலில் தபால் கொண்டுபோக எழுதின ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்து, கப்பல் என்று வந்த இடத்திலெல்லாம் வாகனம் என்று மாற்றியிருக்கிறான். பாதிக்கு மேல் மாற்ற மறந்துவிட்டான். நான் ராஜவேலுக்கு விரலை வைத்து வைத்துப் படித்துச் சொன்னேன். நிபந்தனை 9: கப்பல் தலைவர் குறித்த நேரத்தில் துறையை விட்டுப் புறப்பட வேண்டும். 11: தபால் அறை ஈரம் புகாததாகவும் பூட்டுள்ளதாகவும் இருக்க வேண்டும். 12: கப்பலில் பணிபுரிவோர் தனியார் கடிதம் எதையும் கொண்டுசெல்லக் கூடாது. 13: வாகனத்தின் முகப்பிலும் பின்புறத்திலும் விளக்குகள் எரிய வேண்டும்.

ஒன்பதைக் கேட்டதும் ராஜவேலுக்கு ஒரே சந்தோஷம்.

"கப்பல் தலைவர்னே போட்டுட்டானா மாமா? இனிமே எவனாவது ஏய் டிரைவருன்னு கூப்புடட்டும், இந்த பேப்பர மூஞ்சில விட்டு அடிக்கறேன்."

அவன் எட்டாவது வரைக்கும் படித்தவன். பொடி எழுத்து என்றால் பொறுமை கிடையாது. அதுவுமில்லாமல், நான் படிப்பதைக் கேட்க அவனுக்குப் பிடிக்கும். தெருவில் நாலு பேர் இருக்கும்போது வேண்டுமென்றே என்னிடம் பேப்பரை நீட்டுவான். அந்த மரியாதையை நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

பதினாலாம் நிபந்தனை அபராதம். மணிக்கு இருநூற்று ஐம்பது. புயல், வெள்ளத்தால் ஆன தாமதத்துக்கு அபராதம் கிடையாது. அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி தனியாக இருந்தது. அதையும் படித்தேன்.

என்ன படித்தேன் என்பது நாலாம் எண்ணில் வரும்.

3

கார்த்திகை மழை. குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. தண்ணீருக்கு நடுவே கரண்டு கம்பங்கள் மட்டும் வரிசையாகப் போயின. அதைப் பார்த்தபோது சிதம்பரத்துக்குக் கப்பல் போகும் போலத்தான் இருந்தது. கதை எனக்குத் தோன்றிய இடம் அதுதான்.

வண்டியை ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருந்த மேட்டில் ஏற்றி நிறுத்தினோம். தண்ணீர் இன்னும் ஏறும் என்று, இடுப்பளவில் நடந்து பைகளைத் தலையில் வைத்து மேடைக்குக் கொண்டுபோனோம். நூற்றுப் பன்னிரண்டும். ஒரு பைகூட நனையவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில் தபால் உட்கார்ந்திருந்தது. ராஜவேல் கம்பெனிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் சரி என்றார்கள். அவன் அதோடு துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பையில் எப்போதும் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மேலே பார்த்தீர்களே, நீராவிக் கப்பல் விடிகாலை ஐந்து மணிக்கு, அது அங்கே எழுதினதுதான். நாற்பத்தொரு மணி நேரத்தில் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு எழுதியதில்லை. அவ்வளவு நேரம் உட்கார்ந்ததும் இல்லை.

பாண்டியனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பதினெட்டுப் பக்கத்திலும் நின்றுகொண்டே இருக்கிறான். மேல்தட்டில் நிற்கிறான், புயலில் நிற்கிறான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு தடவைகூட உட்காரவில்லை, இடுப்பைப் பிடித்துவிடவில்லை. வேலை செய்கிறவன் எவனும் அப்படி நிற்க மாட்டான். அவன் என்னை மாதிரியும் இல்லை, ராஜவேல் மாதிரியும் இல்லை. நான் உட்கார்ந்து எழுதினதால் அவன் நின்றிருக்கிறான் போல.

4

அந்த மாதப் பில்லில் பத்தாயிரத்து இருநூற்று ஐம்பதைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டிக்கடன் தவணை நின்றுபோனது. ஃபைனான்ஸ்காரன் செம்மண்டலத்துக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான்.

ராஜவேல் கொதித்தான். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய் சட்டையைப் பிடிக்கப் போகிறேன் என்றான். அந்தத் தடத்தைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சட்டையைப் பிடித்தால் தடம் போகும். தடம் போனால் வண்டி போகும். அதனால் முதலில் ஒரு மனு கொடுக்கலாம் என்று பொன்னிதான் சொன்னாள். எழுத வேண்டியது நான்.

மனுவில் நிபந்தனையை அப்படியே எடுத்துப் போட்டால் பலமாக இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து நோட்டில் இறக்கினேன். அடுத்த பக்கத்தின் தலையில் இருந்த அந்த ஒற்றை வரிக்கு வந்தேன்.

"இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்காவிடில் இவ்விலக்கு பொருந்தாது."

என் கை 'ள' போடப் போனது. கண் 'ல' என்றது.

என் வாயில் ல-வும் ள-வும் ஒன்றுதான். எழுதும்போது பார்த்து எழுதுவேன். படிக்கும்போது வாயில் வந்ததைப் படிப்பேன். அன்றைக்கு நான் படித்துச் சொன்னது, இவ்விளக்கு பொருந்தாது. இந்த விளக்கு. மேலே பதின்மூன்றில் விளக்கு வந்திருந்தது, அதன் மிச்சம்தான் இங்கே தொங்குகிறது என்று நினைத்தேன். வண்டியில் ராஜவேல் அப்போதுதான் பனிக்காக இரண்டு மஞ்சள் விளக்கு மாட்டியிருந்தான். எழுதிக் கொடுக்காமல் இதை மாட்டக் கூடாதாம், பொருந்தாதாம் என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். எவன் எழுதிக்கொண்டிருப்பான் என்று அன்றைக்கே கழற்றிவிட்டான்.

அது விளக்கு இல்லை. விலக்கு. வெள்ளம் என்றால் அபராதம் கிடையாது என்ற அந்தச் சலுகை. அது வேண்டுமானால் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும். போனில் வாட்சப் இருந்தது. சிக்னல் இருந்தது. கையில் பேனாவோடு ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் கப்பல் கதை எழுதிக்கொண்டிருந்தான்.

5

இந்தப் பகுதியை எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் தப்பு கம்பெனியுடையது என்று இருந்தது.

6

முடிவுகள்.

முதல் முடிவு: நான் மனுவை எழுதிக் கொடுக்கிறேன். ராஜவேல் கொண்டுபோகிறான். கம்பெனிக்காரன் அந்த ஒற்றை வரியை விரலால் தொட்டுக் காட்டுகிறான். ராஜவேல் முகம்

[இதை முடிக்க முடியவில்லை. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.]

இரண்டாவது முடிவு: கப்பல் தலைவர் பாண்டியன் கம்பெனிக்குப் போய் நியாயம் கேட்கிறான். நின்றுகொண்டே கேட்கிறான். கம்பெனி மன்னித்துவிடுகிறது. இதை நான் நம்பவில்லை. உங்களையும் நம்பச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, நடந்தது. ஞாயிறு சாயங்காலமே நடந்து செம்மண்டலத்துக்குப் போனேன். பஸ் இருந்தது. கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று நடந்தேன். ராஜவேல் வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒப்பந்தத்தை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, இந்தத் தடவை சரியாகப் படித்தேன். அப்புறம் முன்பு எப்படிப் படித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவன் குழாயை மூடிவிட்டு வந்து பேப்பரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஏன் மாமா, மதுவிலக்குன்னு ஊரெல்லாம் போர்டு வச்சிருக்கானே. அத என்னான்னு படிப்பீங்க? மது வெளக்குன்னா?"

அவன் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு மண்டபத்துல ராப்பகலா என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீங்களே. அது என்னா?"

"கப்பல் கத. நம்ம ஒப்பந்தத்துல வருதே, அந்தக் கப்பலு."

"அதுல கப்பல் தலைவருக்கு அபராதம் போட்டானுவுளா?"

"இல்ல மச்சான். அவன் டயத்துக்குப் போய்ச் சேந்துட்டான்."

அவன் தலையை ஆட்டினான். சக்கரத்தில் மிச்சமிருந்த சேற்றைக் கையாலேயே வழித்தான். நான், என் கூலியில் பிடித்துக்கொள் என்றேன். விடுங்க மாமா என்று சொல்லுவான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"புடிச்சிக்கறேன் மாமா. சொந்தம்னு நான் வுட்டுடலாம். டியூ கேட்டு வர்றவன் எனக்கு சொந்தமில்ல."

7

நாளைக்கு ஐந்நூறு என்றால் இருபதரை நாள். ராஜவேல் சட்டையைப் பிடிக்கப் போகவில்லை. தவணையை வட்டிக்கு வாங்கிக் கட்டினான். நான் சும்மா ஏற்றினேன், சும்மா இறக்கினேன். மனு எழுதவில்லை. கதையும் எழுதவில்லை. சாயங்காலம் வந்து படுத்தால் பொன்னி தைலம் தேய்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். வீட்டுச் செலவுக்கு என்ன செய்தாள் என்று நானும் கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் பகலில் சிதம்பரத்தில் கடைசிப் பையைக் குனிந்து வைத்தேன். நிமிரக் கொஞ்ச நேரமாயிற்று. ராஜவேல் உள்ளே போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து இருநூற்று ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினான். அந்த நாளின் பின்பாதிக் கூலி.

"இதோட சரியாப் போச்சு மாமா. இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். நான் ஏறிக்கொண்டேன். கடலூர் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாததற்கு அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம். வண்டி சத்தம் ஜாஸ்தி.

அவன் அதை எப்படிச் சொன்னான் என்று எழுதப் பார்த்தேன். 'சிரித்தபடி' என்று போட்டேன், அடித்தேன். 'வெடுக்கென்று' என்று போட்டேன், அடித்தேன். கடன் தீர்ந்தது என்று மட்டும் சொன்னானா, வேறொன்றும் சேர்ந்து தீர்ந்தது என்று சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் மேலே வைத்திருக்கிறேன். நீங்கள் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். நான் படித்தால் எனக்கு வேண்டியபடி படித்துவிடுவேன்.